நடையும் உடையும்

நடை, உடை, பாவனை என்று மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்வது நம் வழக்கு. ஒருவரை அளந்தறிவதற்கு நம் முன்னோர் கைக்கொண்ட அளவுகோல்கள் அவை. அவற்றுள் நடையை முதலில் வைத்தனர். உடையை அடுத்து வைத்தனர். நீண்ட காலம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்து இளைப்பாறிய நான் இந்த வரிசையைப் பற்றி ஒருநாளும் ஐயுற்றதில்லை. அறுபது வயதை அண்மித்த பின்னரே, ஓட்டமாவடியிலுள்ள எங்களைப் போன்ற பெண்களுக்கு அவ்வரிசை தலைகீழானது என்பதை உணர்ந்தேன். தக்க உடை கிடைத்தாலன்றி எங்களுக்கு நடை இல்லை.

இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு றோசா நிற உடுப்பு. வேடிக்கையாகத் தோன்றும் அக்கதை வேடிக்கையான இடத்திலிருந்து தொடங்கவில்லை.

என் உம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சீனி வருத்தம் இருந்தது. ஒருநாள் இறப்பர்ச் செருப்பின் வார் உரசி அவருடைய காற்பெருவிரலிற் சிறு கொப்புளம் ஒன்று உண்டாயிற்று. நரம்புகள் மரத்திருந்தமையால் நோவு தெரியவில்லை. நோவு தெரியாதபடியால் எங்களிடம் அவர் சொல்லவுமில்லை. நாங்கள் கண்டபோது விரல் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். தம் வாழ்நாளின் கடைசி நான்கு ஆண்டுகளையும் அவர் விறாந்தையிலிருந்த ஒரு சாய்வு நாற்காலியிலேயே கழித்தார்.

அந்த நாற்காலி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றது. என் குருதியிலும் சீனி ஏறத் தொடங்கியிருப்பதாக வைத்தியர் கூறிய அன்று, வீட்டுக்கு வந்து அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்நோய் எங்கள் குடும்பத்தின் தனிச்சொத்தன்று. 2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு, வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள் என்று கண்டது. அதற்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் மருந்துகளுள் விலையில்லாத மருந்து நடை. வாரமொன்றுக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை, மூச்சுச் சற்று வாங்குமளவு உடலை இயக்குதல் வேண்டும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் அப்பியாசங்களைச் செய்தல் வேண்டும். இதுவே 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட அறிவுரையின் சாரம். நாளுக்கு அரைமணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் நிறைந்துவிடும்.

"டீச்சர், ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?" என்று தாதி கேட்டார்.

"குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில்" என்றேன்.

"வெளியே நடக்கிறதில்லையா?"

"நடக்கிறதுக்குத் தோதான உடுப்பு இல்லை, மகள்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. "இங்க வாற பொம்புளைகள் முக்காவாசிப் பேர் இதைத்தான் சொல்றாங்க" என்று கூறிக்கொண்டே என் அட்டையில் எதையோ எழுதினார்.

அது சாக்கன்று. எங்கள் பெற்றோரின் காலத்துப் பெண்கள் நெல்லைக் குற்றினர், தண்ணீர் சுமந்தனர், வயலுக்கு நடந்தனர். தேகாப்பியாசம் என்று தனியாக ஒன்றை அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. உழைப்புக்கு உதவிய உடை அவர்களிடம் இருந்தது. இன்று ஆலை நெல்லைக் குற்றுகின்றது. குழாய் தண்ணீரைக் கொணர்கின்றது. எங்களுக்கு எஞ்சியிருப்பவை வீட்டிற் போடும் சட்டையும் வெளியிற் செல்லும் ஹபாயாவுமே. முன்னதுடன் வீதிக்குச் செல்ல இயலாது. பின்னது கண்ணியமான உடை. அதை நான் விரும்பி அணிகின்றேன். ஆயினும் வேகமாக நடக்கையில் அதன் விளிம்பு காலிற் சிக்கும். கையை வீசினால் சட்டைக்கை தடுக்கும். ஆண்கள் சாரத்துடனோ காற்சட்டையுடனோ நினைத்த மாத்திரத்திற் படியிறங்கிவிடுகின்றனர். நாங்கள் படியில் நின்று உடையைப் பற்றி யோசிக்கின்றோம். என் மார்க்க ஒழுக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு நடக்க நான் விரும்பவில்லை. அதனுடன் நடப்பதற்கு ஏற்ற உடையையே தேடினேன்.

உடை வாசலை அடைத்த கதை உலக அரங்கிலும் உண்டு. 2011ஆம் ஆண்டில் ஈரான் நாட்டுப் பெண்கள் உதைபந்தாட்டக் குழுவினர், ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்காக ஜோர்தானுக்குச் சென்றிருந்தனர். தலையையும் கழுத்தையும் மறைத்த முக்காட்டின் காரணமாக அவர்கள் ஆட அனுமதிக்கப்படவில்லை. மைதானத்திலேயே அவர்கள் கண்ணீர்விட்ட காட்சியை உலகம் பார்த்தது. தலையாடையை அனுமதிக்கும் விதி 2014ஆம் ஆண்டிலேதான் உதைபந்தாட்டத்தில் உறுதியாயிற்று. கூடைப்பந்தாட்டத்தில் 2017ஆம் ஆண்டில் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 2006ஆம் ஆண்டு தோகாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில், பஹ்ரைன் நாட்டு ருக்கையா அல் கஸ்ரா தலையையும் உடலையும் மறைத்த உடையுடன் 200 மீற்றர் ஓட்டத்திற் பொற்பதக்கம் வென்றிருந்தார். உடலோடு பொருந்தத் தைத்த முக்காடு அவருடைய ஓட்டத்தைத் தடுக்கவில்லை. தடையாக நின்றது துணியன்று. தையலைப் பற்றி எவரும் சிந்திக்காமையே.

றோஸ் வந்த விதம்

அயலிலுள்ள ஐந்து பெண்களையும் சேர்த்து நாங்கள் அறுவரானோம். ஒரு பின்னேரம் எங்கள் விறாந்தையிற் கூடி உடுப்பைப் பற்றிப் பேசினோம். எல்லாருக்கும் ஒரே நிறம் என்றால் ஒரே பிடவைக் கட்டிலிருந்து வெட்டலாம், செலவு குறையும். கறுப்பு, மண்ணிறம், கடும் நீலம் என்று பேச்சுச் சென்றது. என் மகள்தான் "றோஸ்" என்றாள். "இந்த வயதில் றோஸா?" என்று இருவர் சிரித்தனர்.

எங்களுள் மூத்தவருக்கு அறுபத்தேழு வயது. அதுவரை வாய் திறவாதிருந்த அவர், "எனக்கு றோஸ்தான் வேணும். கலியாணத்துக்குப் பிறகு அந்த நிறத்தை நான் உடுத்ததே இல்லை" என்றார். அதற்குப் பின் எவரும் சிரிக்கவில்லை. நிறம் முடிவாயிற்று.

அந்நிறத்துக்கு நம் மொழியில் இளஞ்சிவப்பு என்று பெயரிட்டிருக்கின்றோம். நிகண்டுகளைப் புரட்டினால் பாடலம் என்றொரு பழைய சொல்லும் கிடைக்கும். வெண்மை கலந்த சிவப்பு என்பது அதன் பொருள். அது பெண்களுக்கே உரியதென்பது பழைய விதியன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகள் சில அதனை ஆண் குழந்தைகளுக்கே பரிந்துரைத்தன. இத்தாலியைச் சுற்றி ஆண்டுதோறும் நிகழும் பெரிய சைக்கிளோட்டத்தில் முன்னணியில் நிற்கும் ஆண் வீரர் 1931ஆம் ஆண்டிலிருந்து இந்த நிறச் சட்டையையே அணிகின்றார். அப்போட்டியை நடத்திய விளையாட்டுப் பத்திரிகை அந்த நிறத் தாளில் அச்சாகி வந்தமையே அதற்குக் காரணம். அங்கே மலைகளை ஏறி வென்றவனின் அடையாளம் றோஸ்.

பின்னர் வணிகர்கள் அதனைப் பெண்களின் நிறமாக்கினர். ஆக்கியதற்குக் கூலியும் பெற்றனர். 2015ஆம் ஆண்டில் நியூயோர்க் நகர நிர்வாகம் ஏறக்குறைய 800 பொருள்களின் விலையை ஒப்பிட்டது. ஒரே வகைப் பொருளில், பெண்களுக்கென விற்கப்பட்டவை ஆண்களுக்கென விற்கப்பட்டவற்றிலும் சராசரியாக நூற்றுக்கு 7 விலை கூடியிருந்தன. ஆகவே றோஸ் நிறத்தை விரும்புவோர் முதலிற் செய்ய வேண்டியது, அதே பொருளின் சாம்பல் நிறத்துக்கு என்ன விலையென்று கேட்பது. விலை வேறுபட்டால், அந்த நிறத்தை வேறு வழியிற் பெறலாம்.

நான் ஏமாந்த கதை

இதை நான் அனுபவத்தாற் கற்றேன். அறுவரும் சேர்ந்து தைப்பதற்கு முன்னர், மாதிரிக்காக ஒரு தொகுதியை ஒரு கடையில் வாங்கினேன். பளபளக்கும் பெட்டியில் மேற்சட்டை, ஒட்டிய காற்சட்டை, கையுறை, தண்ணீர்ப் போத்தல், சிறு பை என ஐந்து பொருள்கள், ஐந்தும் றோஸ். 2022ஆம் ஆண்டில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின் இறக்குமதிப் பொருள்கள் எந்த விலைக்கு ஏறினவென்பது வாசகர்கள் அறிந்ததே. என் ஓய்வூதியத்தில் அது சிறு செலவன்று.

முதல் நாள் குனிந்து சப்பாத்தின் நாடாவைக் கட்டினேன். மகள் பின்னாலிருந்து, "உம்மா, இதோட வெளியே போக வேணாம்" என்றாள். துணி இழுபட்டு உள்ளே உள்ளது தெரிந்தது. அன்று மாலை அதைத் துவைத்தபோது வாளித்தண்ணீர் சிவந்தது. கூடவே ஊறிய என் வெள்ளைத் தொழுகை உடை றோஸ் நிறங் கொண்டு எழுந்தது. அதை இன்றும் வைத்திருக்கின்றேன். துணி வாங்குவது பற்றி எவரேனும் கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.

அந்த இழப்பிலிருந்து பெற்ற பாடங்கள் இவை. துணியை இரு கைகளாலும் இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். விரல்கள் தெரிந்தால் வேண்டாம். வெண்ணிறக் கைக்குட்டையை நனைத்து, துணியின் உட்புறத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டும். கைக்குட்டை நிறங்கொண்டால் வேண்டாம். இழுத்துவிட்ட துணி உடனே பழைய அளவுக்கு மீள்கின்றதா என்று நோக்க வேண்டும். தையலை உட்புறம் திருப்பி விரலால் தடவ வேண்டும். விரலுக்கு உறுத்துவது வியர்த்த தோலைப் புண்ணாக்கும். போட்டுப் பார்க்கும் அறையில் நிமிர்ந்து நிற்பது போதாது. குனிந்து, குந்தி, கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பார்க்க வேண்டும். இவற்றுக்கு ஐந்து நிமிடமும் ஒரு கைக்குட்டையும் போதும்.

துணியும் தையலும்

எங்கள் தையற்காரி முன்னர் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். உலகின் பெயர்பெற்ற விளையாட்டு உடைகள் பல இலங்கைப் பெண்களின் கைகளாலேயே தைக்கப்படுகின்றன. அவ்வுடைகள் கப்பலேறிப் போய்விடுகின்றன. தாம் ஆயிரக்கணக்கிற் தைத்த உடையைத் தாம் ஒருநாளும் போட்டதில்லை என்று அவர் சொன்னார். எனினும் அந்தக் கைப்பழக்கம் அவரிடம் இருந்தது. துணியைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர் அவரே.

தனிப் பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அரைமணி நேரத்திற் கனத்து உடலோடு ஒட்டும். பொலியெஸ்டர் வியர்வையை வெளிப்புறத்துக்குக் கடத்தி விரைவில் உலரும்; ஆனால் வாடையை விடாது பிடித்துக்கொள்ளும். வாவிக்கரையின் ஈரக்காற்றில் வியர்வை உலர்வதே மெதுவாகத்தான். ஆகவே இரண்டும் கலந்த, மிகவும் ஒட்டாத துணியே எங்களுக்கு நன்று. இழுபடும் உடைகளிற் கலந்திருக்கும் ஸ்பாண்டெக்ஸ் இழை 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில், டியூபொன் நிறுவனத்தின் இரசாயனவியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் ஆக்கியது. வெந்நீரும் குளோரின் வெளுப்பானும் சூடான இஸ்திரிப் பெட்டியும் அதற்குப் பகை. அத்தகைய உடுப்பை உட்புறம் திருப்பிக் குளிர்ந்த நீரிற் துவைத்து நிழலிற் காயவிட வேண்டும். றோஸ் போன்ற மெல்லிய நிறங்களிற் சாயம் குறைவு. வெயிலில் அவை விரைவில் வெளிறிவிடும். நிழலில் உலர்த்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முழு உடலையும் மறைத்தால் வெக்கை தாங்காதே என்று சிலர் கேட்டனர். 1980ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் ஆய்விதழில், பாலைவன நாடோடிகளான பெதுவீன்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகின்றனர் என்றொரு கட்டுரை வெளிவந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை ஏற்றாலும், தளர்ந்த அங்கிக்குள் ஓடும் காற்று அந்த வெப்பத்தைத் தோலுக்கு வரவிடாது அகற்றிவிடுகின்றது. இரண்டிலும் உடலை அடைந்த வெப்பம் ஏறக்குறைய ஒன்றே என்று ஆய்வாளர் கண்டனர். எங்கள் காற்று பாலைவனக் காற்றன்று. ஆயினும் துணிக்கும் தோலுக்கும் இடையிற் காற்றுக்கு வழிவிட வேண்டும் என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

இவ்வாறு பிறந்தது எங்கள் உடுப்பு. முழங்காலுக்குக் கீழ் வரும் மேற்சட்டை, இரு பக்கமும் வெட்டு விட்டது. கையை வீசும்போது இழுக்காதிருக்க அக்குளிற் சிறு சாய்சதுரத் துண்டு ஒன்று. கணுக்காலிற் சுருங்கும் தளர்ந்த காற்சட்டை. ஊசி குத்தாமலே தலையில் நிற்கும் தைத்த முக்காடு. வலப்பக்கத்தில் ஆழமான ஒரு பை. மருந்து எடுப்பவர்களுக்கு நடுவழியில் சீனி இறங்கிவிடக்கூடும். பையில் இரண்டு இனிப்பு இருக்கவேண்டும். தையற்கூலியும் சேர்த்து, கடையில் நான் வாங்கிய ஒரு தொகுதியின் விலைக்கு இங்கே இரண்டு தொகுதிகள் கிடைத்தன.

ஒரு பொருளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்கினேன். எழுதாமல் விடுவது பிழையென்று துணிந்தேன். ஓடும்போதும் விரைந்து நடக்கும்போதும் மார்பைத் தாங்கும் கச்சு இல்லாமையாற் பல பெண்கள் அப்பியாசத்தையே வெறுத்துவிடுகின்றனர். இதற்கெனத் தனிக் கச்சு 1977ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவின் வேர்மொண்டில் மூன்று பெண்களின் முயற்சியால் உருவாயிற்று. ஆண் வீரர்கள் அணியும் உள்ளாடைகள் இரண்டை இணைத்துத் தைத்ததே முதல் மாதிரி. மேலுடையிற் பணத்தை மிச்சம்பிடித்து இதிற் செலவிடுங்கள். தோள்வார் அகலமாகவும், கீழ்ப்பட்டி இரண்டு விரலுக்கு மேல் நுழையாதபடி உறுதியாகவும் இருத்தல் வேண்டும். இதன் நிறத்தை எவரும் காணப்போவதில்லை.

காலும் கருவியும்

சப்பாத்திலும் றோஸ் தேட வேண்டாம். என் உம்மாவின் காலை நினைத்தே இதை எழுதுகின்றேன். மாலையிற் பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்நேரத்திற் சென்று போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். காலுறையுடன் அளவு பாருங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடத்தலாகாது. சப்பாத்தைப் போடுமுன் உள்ளே கையைவிட்டுக் கல், மண், பிரிந்த தையல் உண்டா என்று தடவ வேண்டும். நடந்து வந்தபின் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

மற்றக் கருவிகளுக்கு வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாற் போதும். தண்ணீர் நிறைத்த ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஒன்றரைக் கிலோ எடை. இரண்டிருந்தாற் கைகளுக்கு அப்பியாசமாயிற்று. பிடிப்பதற்கு வழுக்கினால் பழைய காலுறையை மேலே மாட்டலாம். பன்பாய் நல்ல விரிப்பு. சீமெந்துத் தரையில் வழுக்காதிருக்க அடியில் நனைத்துப் பிழிந்த சாக்கொன்றை விரிக்க வேண்டும். சுவரிற் கையூன்றித் தள்ளலாம்; நாற்காலியில் இருந்தெழும்பலாம். பழைய மருதமுனைச் சாரத்தை வெட்டினால் வியர்வை துடைக்க நான்கு துண்டு கிடைக்கும். காசு கொடுத்து வாங்கத்தக்கது ஒன்றுண்டு. அது இழுத்துப் பயிலும் இறப்பர்ப் பட்டி. விலை குறைந்தது, மடித்தாற் பைக்குள் அடங்குவது. வெடிப்பு உண்டா என்று கிழமைக்கொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கையுறையையும் பளபளக்கும் பையையும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

விடியற்காலை

சுபஹுத் தொழுகைக்குப் பின் நாங்கள் அறுவரும் புறப்படுகின்றோம். ஒரு காலத்தில் புகையிரதமும் மற்ற வாகனங்களும் ஒரே பாலத்தின் வழியாக வாவியைக் கடந்தன. இன்று வீதிக்குத் தனிப் பாலம் உண்டு. பாலத்தடி வரை சென்று திரும்பினால் எங்கள் கணக்கு நிறைகின்றது. மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் போகும் வாகனங்கள் அந்நேரத்தில் விரைந்து வருகின்றன. மங்கிய ஒளியிற் கறுப்புடை சாரதியின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. மெல்லிய றோஸ் ஓரளவு புலப்படும். ஆனால் இருளில் எந்த நிறமும் போதாது. அதனால் வண்டி விளக்கொளியைத் திருப்பி வீசும் பட்டியொன்றை முதுகிலும் கணுக்காலிலும் தைத்திருக்கின்றோம். வரும் வாகனத்தை எதிர்நோக்கி, ஒருவர்பின் ஒருவராகவே நடக்கின்றோம்.

ஒருநாள் பேருந்தொன்று எங்களருகே வேகங் குறைத்தது. சாரதி என்னிடம் படித்தவன். "இப்ப தூரத்திலயே தெரியுது, டீச்சர்!" என்று கத்திவிட்டுப் போனான். என்னிடம் படித்த காலத்தில் அவன் சொன்ன எந்த விடையும் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடற்கல்விப் பாடவேளையில் மரத்தடியிற் புத்தகங்களுக்குக் காவலிருக்கும் பெண்பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன்; சோம்பல் என்றே பல ஆண்டுகள் எண்ணினேன். அவர்களிடம் போடுவதற்கு உடுப்பு உண்டா என்று ஒருநாளேனும் நான் கேட்டதில்லை. நீங்கள் கேளுங்கள். தைக்கத் தெரிந்த தாய் ஒருத்தியும் ஒரு பிடவைக் கட்டும் போதும். ஒரு வகுப்பே மைதானத்துக்கு இறங்கிவிடும்.

சென்ற மாதம் ஏழாவதாக ஒருவர் எங்களோடு சேர விரும்பி, அதே துணி மிச்சமிருக்கின்றதா என்று கேட்டார். கட்டு முடிந்துவிட்டது. அதே கடையில் அதே இலக்கத் துணியை வாங்கினோம்; சாயமிட்ட தொகுதி வேறாகையால் நிறம் ஒரு சாயல் கடுமையாக இருந்தது. மாற்றிவிடலாமா என்று தையற்காரி கேட்டார். எங்கள் மூத்தவர் துணியைக் கையில் வாங்கித் தம் முழங்கையோடு வைத்துப் பார்த்தார். "பரவாயில்லை, மகள், இதுவும் றோஸ்தான். நாளைக்கு விடிய வரச் சொல்லு" என்றார்.